உள்ளே சென்று பார்க்கும் உரிமை



சென்ற வாரத் தமிழ்த் திருப்பலி முடிந்து முற்றத்தில் நின்றிருந்தபோது ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார்: "ஃபாதர், உரிய தாள்கள் இல்லாமல் ஒரு நாட்டுக்குள் போனால் பிடித்து வைக்கத்தானே செய்வார்கள்? அதில் நாம் வருந்த என்ன இருக்கிறது?" குழந்தைகளோடு தடுத்து வைக்கப்பட்டுள்ள குடிபெயர்ந்தோருக்காக அன்று விசுவாசிகள் மன்றாட்டில் வேண்டியிருந்தோம். கேட்டவர் கல்நெஞ்சர் அல்லர். முசஃபாவின் தொழிற்கூடமொன்றில் இருபது ஆண்டுகளாக உழைப்பவர். விசா, மருத்துவச் சோதனை, எமிரேட்ஸ் அடையாள அட்டை என்று எல்லா வரிசைகளிலும் முறைப்படி நின்றவர். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும், யார் தங்கலாம், யார் திரும்ப வேண்டும் என்பது ஒரு கேள்வி. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை எப்படி நடத்தப்படுகிறது என்பதை யார் சென்று பார்க்கலாம் என்பது வேறு கேள்வி. முதலாவதை நீதிமன்றங்களுக்கு விட்டுவிட்டு, இரண்டாவதைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் பங்கிலுள்ள இலங்கைக் குடும்பங்களுக்குப் பிலோயலா என்னும் பெயர் தெரிந்திருக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சிற்றூர் அது. 2018 மார்ச் 5 அன்று, விடியுமுன், அங்கு வாழ்ந்த தமிழ்த் தம்பதியையும் அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளையும் அதிகாரிகள் வந்து அழைத்துச் சென்றனர். குழந்தைகள் இருவரும் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள். இளையவளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. முதலில் மெல்பர்னில் வைக்கப்பட்டனர். 2019 ஆகஸ்டில் நாடு கடத்துவதற்காக விமானத்தில் ஏற்றப்பட்டனர். விமானம் வானில் இருக்கையிலேயே நீதிபதி பிறப்பித்த தடையினால் டார்வினில் இறக்கப்பட்டனர். அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவுக்கு. பெயரைக் கேட்டால் நமக்குக் குடிலும் விண்மீனும் நினைவுக்கு வரும். அத்தீவோ பெர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தொலைவில், ஜாவாவுக்கு அருகே கிடக்கிறது.

அந்தத் தொலைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். குழந்தையைத் தடுத்து வைப்பது இறுதி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று 2005 முதல் ஆஸ்திரேலியக் குடிவரவுச் சட்டமே கூறுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தடுப்பில் இருப்பவரைப் பற்றி ஆம்புட்ஸ்மன் மதிப்பீடு செய்ய வேண்டும், அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. நல்ல விதிகள்தாம். ஆனால் தாளில் எழுதிய அறிக்கை இரவில் குழந்தைக்கு நெற்றி சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பதில்லை. 2021 ஜூனில் இளையவள் கடுமையான தொற்றுக்கு ஆளாகிப் பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டாள். தன் நான்காம் பிறந்தநாளை அங்கேயே கழித்தாள். மருத்துவமனைக் கட்டிலில் அக்காள் தங்கையை முத்தமிடும் அந்தப் படத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அறிக்கைகளும் மனுக்களும் அசைக்காதவற்றை ஒரு படம் அசைத்தது. 2022 மே மாதத் தேர்தலுக்குப் பின் ஆட்சி மாறி, ஜூன் 10 அன்று அவர்கள் பிலோயலாவுக்குத் திரும்பினர். ஆகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது. அவ்வூர் மக்கள் அதுவரை ஓயவில்லை என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவர்களிற் பெரும்பாலோர் தமிழரும் அல்லர்.

பார்க்கச் செல்பவர் எப்போதும் வரவேற்கப்படுவதில்லை. 2013 டிசம்பரில் நவுரு தீவின் தடுப்பு மையத்துக்குச் சென்ற ஆஸ்திரேலிய செனட்டர் சாரா ஹான்சன்-யங்கை அங்கிருந்த காவலர்களே வேவு பார்த்தனர். காவல் நிறுவனம் அதனை 2015-இல் செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டது. கண்காணிக்கச் சென்றவரையே கண்காணித்தார்கள்!

நம் இனத்தின் காயமும் இங்கு நினைவுக்கு வருகிறது. 2009-இல் வவுனியா மாணிக் பண்ணை முகாம்களிலும் அவற்றைச் சார்ந்த இடங்களிலும் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் இருந்தனர். அது குடிவரவுத் தடுப்பு அன்று. சொந்த நாட்டிலேயே சொந்தக் குடிமக்கள். அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர்களுக்கு உள்ளே செல்ல மாதக்கணக்கில் அனுமதி இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் டி.ஆர். பாலு தலைமையில் தமிழகத்திலிருந்து சென்ற நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கதவு திறந்தது. விருந்தினருக்குத் திறக்கும் கதவு அம்மக்களின் பிரதிநிதிக்குத் திறக்கவில்லை. அப்படி முன்கூட்டி ஏற்பாடு செய்த வருகையினால் எவ்வளவு தெரிய வரும் என்பதிலும் எனக்கு ஐயமே. ஆயர் மேய்ப்புப்பணிச் சந்திப்புக்கு வருகிறார் என்று அறிவித்துவிட்டால் நம் ஊர்ப் பங்குகளில் என்ன நடக்கும்? சுவருக்கு வெள்ளையடிப்போம், பழைய நாற்காலிகளைச் சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டுவோம், பாடகர் குழு நேரத்துக்கு வந்து நிற்கும். ஆயரும் மகிழ்ந்து போவார்.

ஆகவேதான் அமெரிக்காவில் 2025-இல் தொடுக்கப்பட்ட ஒரு வழக்கு எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 2018 ஜூனில், டெக்சஸ் மாநிலம் பிரவுன்ஸ்வில்லில், பழைய வால்மார்ட் கடையொன்றில் சிறுவர்களைத் தங்கவைத்திருந்த இடத்தின் வாசலிலிருந்து செனட்டர் ஜெஃப் மெர்க்லி திருப்பி அனுப்பப்பட்டார். அதன்பின் காங்கிரஸ் தன் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தது: உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தடுப்பு மையங்களுக்குள் மேற்பார்வைக்காக வரும் உறுப்பினரைத் தடுக்க அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது, உறுப்பினர் முன்னறிவிப்புத் தரவும் தேவையில்லை. 2025-இல் அத்துறை ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றது. பன்னிரண்டு உறுப்பினர்கள் நீதிமன்றம் சென்றனர். ஏழு நாள்கள்! வெள்ளையடிக்க அது போதாதா?

எரேமியா இறைவாக்கினர் சேற்றுக் குழியில் இறக்கப்பட்ட நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். அவரை மீட்டவர் அரண்மனை அலுவலரான ஓர் எத்தியோப்பியர், அயல்நாட்டவர். அரசனிடம் நேரே சென்று பேசும் நிலை அவருக்கு இருந்தது. அதை அவர் பயன்படுத்தினார். கயிற்றோடு கந்தைத் துணிகளையும் இறக்கி, அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார். குழியருகே சென்றவருக்குத்தான் கயிறு உடலை அறுக்கும் என்று தோன்றும்.

நாம் வாழும் இந்நாட்டில் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பொதுமன்னிப்புக் காலம் வழங்கப்பட்டதையும், தாள்களின்றி இங்கே பிறந்த குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டதையும் நன்றியோடு நினைக்கிறேன். அக்காலம் முடிந்துவிட்டது. பிறந்த குழந்தைக்கு 120 நாள்களுக்குள் விசா பெற வேண்டும் என்பதை இளம் பெற்றோர் மறவாதீர்கள். வேலை பறிபோனதாலோ, கடனாலோ, அச்சத்தாலோ அதைத் தவறவிட்ட குடும்பம் உங்கள் கட்டடத்தில் இருந்தால், அவர்களைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் பேசவேண்டாம். பங்கு அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள். தூதரகத்துக்கு உடன் வர ஆளுண்டு.

மேலும் ஒன்று. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை சங்க விழாவுக்கு விருந்தினராக இங்கு வரும்போது, பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். அயல்நாட்டுத் தடுப்பு மையங்களில் நம்மவர் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று அவையில் கேட்டீர்களா, நம் நாட்டில் அயலார் பிள்ளைகள் இருக்கும் முகாமுக்குள் ஒருமுறையேனும் சென்றீர்களா என்று கேளுங்கள். இரண்டையும் கேளுங்கள்.

இறையாசியுடன்,
உங்கள் பங்குத்தந்தை