வன்னியின் ஓடுபாதைகள்

ஒரு சின்ன விமான நிலையத்தை அதன் கட்டிடத்தின் அழகை வைத்து மதிப்பிட முடியாது. சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டிவரும் ஒருவர் இறங்கி, எரிபொருள் நிரப்பி, இளைப்பாறிவிட்டு, எவரிடமும் தயவு கேட்காமல் மீண்டும் பறக்க முடிகிறதா என்பதே கேள்வி. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டு விமான நிலையங்கள் சுமார் 5,000 உண்டு. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. இலங்கையின் வன்னியிலும் ஓடுபாதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் வவுனியாவும் இரணைமடுவும் விமானப்படைத் தளங்கள். முல்லைத்தீவின் கொக்கிளாய்க் களப்புக்குத் தெற்கே, திருகோணமலையின் சீனக்குடாவும் அப்படித்தான். வன்னிக்கு வடக்கே, யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. ஆனால் 2020இல் நின்றுபோன அதன் சென்னைச் சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது.

வீதியும் ஆஸ்பத்திரியும் சரியாக இல்லாத இடத்தில் விமானம் எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை. போட்டுக் கிடக்கும் தாரில் பொதுமக்களுக்கும் இடம் கேட்கிறேன். முல்லைத்தீவின் அவசர நோயாளிக்கும் அது உதவும். இதைவிடக் கனமான மறுப்பு காணி பற்றியது. பலாலியைச் சுற்றி 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் முழுதாக விடுபடவில்லை. 1984இல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கொக்கிளாய் மக்களுக்கு அந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. ஆகவே விரிவாக்கம் என்ற பெயரில் ஒரு பரப்புக் காணிகூட எடுக்கக்கூடாது. சிறு விமானத்துக்கு இருக்கிற ஓடுபாதையே தாராளம்.