லாரி வந்தபின் உரம்

மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே திருவொற்றியூரில் குடியிருப்பவனுக்கு உரம் புதிய சங்கதி அல்ல. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை 1971இலிருந்து யூரியா தயாரிக்கிறது. எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், அங்குள்ள இன்னொரு உர ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாய் கசிந்தபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் ஓடியது. டன் கணக்கில் புழங்கும் உரத்தைக் கிராம் கணக்கில் கண்ணாடித் தொட்டிக்குள் போட்டு நீர்ச்செடி வளர்க்கிற சின்னக் கூட்டமும் இங்கே உண்டு. கொளத்தூருக்குக் கலர் மீன் வாங்கப் போய், செடியில் மயங்கித் திரும்பியவர்கள். நானும் அதில் சேர்த்தி.

இந்தக் கூட்டத்தில் ஓயாமல் வரும் கேள்வி: தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் உரம் போடுவதா, பின்னாலா? பின்னால்தான். முன்னால் போட்டால் போட்டதில் ஒரு பங்கு வாளியோடு வெளியே போகும். இதில் தகராறு இல்லை. எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் தகராறு.

அமெரிக்கரான டாம் பார் பரப்பிய முறையை உலகெங்கும் பலர் பின்பற்றுகிறார்கள். சோதித்துச் சோதித்து அளக்க வேண்டாம், தாராளமாகப் போடு. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரைக் கொட்டிப் புதிது ஊற்று. மிச்சம் சேராது என்பது அதன் சாரம். கணக்கு சரிதான். வாரத்துக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் போடுகிறோம், செடி துளியும் தின்னவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வாராவாரம் பாதி மாற்றினால் அளவு 40ஐத் தாண்டாது. கால்வாசி மாற்றினால் 80 வரை ஏறும். மாற்றவே இல்லையென்றால் ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் 60 லிட்டர் தொட்டியில் பாதி என்பது 30 லிட்டர். ஏறக்குறைய இரண்டு குடம். ராயபுரத்தில் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் அக்காவிடம், வாராவாரம் இரண்டு குடத்தை மீன் தொட்டிக்கு ஊற்றுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019ஐ இந்த ஊர் மறக்கவில்லை. தாராளமாகப் போட்டுத் தாராளமாகக் கொட்டும் முறை குழாயை நம்பி எழுதப்பட்டது. நமக்கு அது ஒத்துவராது. மூன்றில் ஒரு பங்கு உரம், கால்வாசித் தண்ணீர், அதுவும் தண்ணீர் வந்தால்தான் உரம் என்பது என் வழி. கிழமை பார்ப்பதை விட்டுவிட்டேன்.

லாரித் தண்ணீரை ஊற்றிய கையோடு எல்லாச் சத்தையும் கொட்டிவிடக் கூடாது. அதில் குளோரின் இருக்கும். குளோரின் பட்டால் கரைந்த இரும்பு துருவாக மாறிப் படிந்துவிடும். குடிநீர் நிலையங்களில் இரும்பை நீக்குவதற்கே இந்த வழியைக் கையாளுகிறார்கள். ஹைப்போ போட்டு குளோரினை முறித்த பிறகு, அன்றைக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மட்டும். இரும்பு உள்ள நுண்ணூட்டம் மறுநாள். மணிச்சத்தும் இரும்பும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும், செடிக்கு இரண்டும் கிடைக்காது.

போர் தண்ணீர் கதை வேறு. மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல் உள்ளே வந்துவிட்டது. கரையோரத்துக் கிணறுகள் பலவற்றின் உப்பு நாக்குக்கே தெரியும். அந்தத் தண்ணீரில் காரத்தன்மையும் கூடுதலாக இருந்தால், இரும்பைக் கரைசலில் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ.வின் பிடி தளர்ந்துவிடும், டி.டி.பி.ஏ. வகை இன்னும் கொஞ்சம் தாங்கும். காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010இல் தொடங்கப்பட்டது. அப்படிச் சுத்திகரித்த நீரில் மக்னீசியம் மிகக் குறைவு. அது கிடைக்கும் வீட்டில் சிட்டிகை பேதியுப்பு போட வேண்டியிருக்கும்.

கவனிக்காமல் விடுவது ஆவியாதலைத்தான். மே மாதத்தில் தொட்டி மட்டம் கண்ணெதிரே இறங்கும். குறைந்ததை ஊற்றி நிரப்புவது தண்ணீர் மாற்றியதாகாது. நீர்தான் பறந்தது, உப்பும் உரமும் அங்கேயே கிடக்கின்றன. நிரப்பிய கணக்கில் மறுபடி உரம் போட்டால், பாசியேறிய பச்சைத் தண்ணீரை நாமே வரவழைக்கிறோம்.

உரத்துக்கு விலையுயர்ந்த புட்டி தேவையில்லை. உழவுக் கடையில் கிடைக்கும் 13:0:45 என்பது பொட்டாசியம் நைட்ரேட்தான். 60 லிட்டரில் ஒரு கிராம் போட்டால் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் நைட்ரேட் ஏறும். மணிச்சத்துக்கு 0:52:34. மணலியில் விளைகிறதே என்று யூரியாவை மட்டும் தொடாதீர்கள். அது உடைந்து அம்மோனியாவாகும். பி.எச். 7இலிருந்து 8க்கு ஏறினால் அதில் மீனைக் கொல்லும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும்.

இன்னொன்று. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். உப்பு இல்லாத தண்ணீராக இருந்தால் மாடியில் இருக்கும் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள். அதில் போட்ட உரமும் இருக்கிறது, அக்கா காத்திருந்து பிடித்த தண்ணீரும் இருக்கிறது.