ஊர் பேசட்டும், ஏடு கேட்கட்டும்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நாள், அஸர் தொழுகையை முடித்து வந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். இருபது ஆண்டுகட்கு முன் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வந்து சலாம் உரைத்தார். இப்போது நாளிதழ் ஒன்றின் செய்தியாளர். அந்நாளில் நஹ்வுப் பாடத்தில் சற்றுத் தடுமாறியவர். கேள்வி கேட்பதில் மட்டும் எவருக்கும் பின்தங்காதவர்.

"ஹஜ்ரத், நாங்கள் எழுதுவதை ஊரார் படிக்கிறார்கள், எங்களோடு பேசத்தான் மாட்டேன் என்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஊருக்கென்று ஒரு குழு தொடங்கினேன். 600 பேர் சேர்ந்துவிட்டார்கள். காலை வணக்கப் படங்களும், எங்கிருந்தோ வந்த செய்திகளும் குவிகின்றன. ஊர்ச் செய்தி என்று ஒன்றுகூட இல்லை. நீங்கள்தான் ஒரு யோசனை சொல்ல வேண்டும்" என்றார்.

யோசனை சொல்லும் தகுதி நமக்கு இருந்ததா? அவர் அறிந்தே கேட்டாரா, அறியாமல் கேட்டாரா என்பது இன்றளவும் நமக்கு விளங்கவில்லை. அக்குழுவில் நாமும் ஓர் உறுப்பினர். அதற்கு இரண்டு திங்கள் முன்பு, நம் கடைத்தெரு எண்ணெய் வணிகர் ஒருவர் கலப்பட எண்ணெய் விற்றுப் பிடிபட்டார் என்றொரு செய்தி படத்தோடு நம் கைபேசிக்கு வந்தது. பலமுறை கைமாறி வந்தது என்பதைக் காட்டும் இரட்டை அம்புக்குறி அதன் தலையில் இருந்தது. அதனைக் கண்ணாரக் கண்டும், மக்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்ற நினைப்பில், ஊர்க் குழுவில் பகிர்ந்துவிட்டோம்.

வேறொருவர் அனுப்பியிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். "ஹஜ்ரத்தே போட்டிருக்கிறார்" என்ற பேச்சு அதற்குக் கால் முளைக்கச் செய்தது. மூன்று வாரம் அந்தக் கடையில் ஈ ஓட்டினார்கள். இதே மாணவர்தான் கடைக்கு நேரில் சென்று, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அதிலுள்ள பெயர்ப்பலகை வேற்று மாநிலத்து எழுத்தில் இருப்பதைக் கண்டு குழுவில் எழுதினார். பொய்யைப் படித்தவர்களில் பாதிப் பேராவது அத்திருத்தத்தைப் படித்திருப்பார்களா என்பது ஐயமே. இஷாவுக்குப் பின் கடைக்குச் சென்று நாம் மன்னிப்புக் கேட்டோம். வணிகர் தேநீர் வரவழைத்தார். "போகட்டும் ஹஜ்ரத்" என்றார். நம் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

முப்பது ஆண்டுகளாக நாம் ஹதீஸ் பாடம் நடத்தி வருகிறோம். ஓர் அறிவிப்பை ஏற்குமுன் அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்துக்கொண்டது உண்டா, அவருடைய நினைவாற்றல் எத்தகையது என்று துருவித் துருவி ஆராயும் இஸ்னாத் கலையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஒரு ராவியின் பெயர் விடுபட்டாலே அறிவிப்பின் தரம் இறங்கிவிடும் என்று கரும்பலகையில் எழுதிய அதே கைதான், ராவியே இல்லாத ஒரு படத்தை 600 பேருக்கு அனுப்பியது!

நாம் தப்பினோம், ஒரு கடையின் வியாபாரத்தோடு போயிற்று. 2018 மே திங்களில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த குடும்பத்தார், வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகக் கைபேசிகளில் பரவியிருந்த வதந்தி வேலை செய்தது. அக்குடும்பத்து மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இந்தியாவின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழவே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பிட்டது. வேகத்தைக் குறைக்க நிறுவனத்தால் இயலும்; "உனக்கு யார் சொன்னார்?" என்று கேட்கும் வழக்கத்தை அது எங்கிருந்து தரும்?

இவற்றையெல்லாம் மாணவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு தம் மடிக்கணினியைத் திறந்து ஓர் ஒலிப்பதிவைப் போட்டார். ஒரு பெண் குரல், மொழி விளங்கவில்லை. ஆயினும் நமக்கு எங்கோ கேட்ட மொழிபோல் பட்டது. "இது கோண்டி, ஹஜ்ரத். நம் தமிழுக்கு உறவான திராவிட மொழி" என்றார்.

அவர் வழியாக நாம் அறிந்துகொண்ட செய்தி சிந்திக்கத்தக்கது. மத்திய இந்தியக் காடுகளைச் சார்ந்து வாழும் கோண்டி மக்களின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர், 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி 29 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களைப் பற்றி எழுதும் செய்தியாளர்களுள் அம்மொழி அறிந்தோர் மிக அரிது. பி.பி.சி.யில் பணியாற்றிய சுப்ரான்சு சௌதுரி என்பார் இக்குறையை எண்ணி, 2010ஆம் ஆண்டு சத்தீஸ்கர் மாநிலத்தில் 'சி.ஜி.நெட் ஸ்வரா' என்னும் குரல்வழிச் செய்திச் சேவையைத் தொடங்கினார். பத்திரிகை வேண்டாம், இணையம் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். சாதாரணக் கைபேசி ஒன்று போதும். குறிப்பிட்ட எண்ணுக்கு மணியடித்துவிட்டு வைத்துவிட்டால், கணினியே திரும்ப அழைக்கும். செய்தி சொல்ல 1, பிறர் சொன்னதைக் கேட்க 2. காசில்லாத ஏழையும் பேசலாம்.

பேசியது உடனே ஊருக்கு ஒலித்துவிடாது என்பதுதான் நம் உள்ளத்தைத் தொட்ட இடம். இடையில் ஆட்கள் இருந்தனர். அவர்கள் சொன்னவரை அழைத்து விசாரித்து, செப்பனிட்ட பின்னரே வெளியிட்டனர். 'எங்கள் சிற்றூரில் அடிகுழாய் பழுதாகிப் பல நாளாகிறது', 'நூறு நாள் வேலைக்குக் கூலி வரவில்லை' என்பன போன்ற முறையீடுகளே மிகுதி. சொல்பவர், பொறுப்பான அதிகாரியின் தொலைபேசி எண்ணையும் இறுதியில் சொல்லிவிடுவார். கேட்டவர்கள், பல நூறு கல் தொலைவில் இருப்பவர்கள்கூட, அந்த அதிகாரியை அழைத்துக் கேட்பார்கள். குழாய் சரியானதும் முறையிட்டவரே மீண்டும் அழைத்து, 'நடந்துவிட்டது, நன்றி' என்று பதிவு செய்வார். தாம் சொன்னதைக் கேட்டார்கள், கேட்டதனால் ஒன்று நடந்தது என்று அறிந்த மனிதர் மறுமுறையும் பேசாமலிருப்பாரா?

அன்று மஃரிபு வரை பேசிக்கொண்டிருந்தோம். நெதர்லாந்து நாட்டில் 2013ஆம் ஆண்டு தோன்றிய 'டி கரஸ்பாண்டன்ட்' என்னும் இணைய ஏட்டைப் பற்றியும் சொன்னார். ஏடு வெளிவருமுன்னரே ஏறத்தாழ 19,000 பேர் பணம் செலுத்தி உறுப்பினராகி, பத்து லட்சம் யூரோவுக்கு மேல் திரட்டித் தந்தனராம். வாசகர் எழுதும் பகுதிக்கு அவ்வேட்டார் 'கருத்து' என்று பெயரிடவில்லை, 'பங்களிப்பு' என்றனர். மருத்துவம் பற்றி எழுதும் ஒரு செய்தியாளரைக் காட்டிலும் அதைப் படிக்கும் மருத்துவர் பலர் மிகுதியாக அறிவர் அன்றோ என்பது அவர்கள் வாதம். அதன் செய்தியாளர் ஜெல்மர் மொம்மர்ஸ், ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பணிபுரிவோரைத் தம்மிடம் பேச வருமாறு வெளிப்படையாகவே அழைத்தார். புவி வெப்பமாவதைப் பற்றி அந்நிறுவனமே 1991இல் எடுத்திருந்த எச்சரிக்கைப் படம் 2017இல் அவர் முயற்சியால் வெளிச்சத்திற்கு வந்தது. ஆயினும் அதே குழுவினர் 2019இல் தொடங்கிய ஆங்கில ஏடு 2020 இறுதியோடு நின்றுபோயிற்று. பணமும் புகழும் இருந்தும் வேர் பிடிக்கவில்லை.

இலண்டன் 'கார்டியன்' ஏடு 2009இல் செய்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் செலவுக் கணக்குகள் 4,50,000 பக்கங்களுக்கு மேல் வெளியாயின. எந்த ஏட்டிலும் இத்தனையைப் படிக்க ஆள் கிடையாது. அவற்றைத் தன் இணையதளத்தில் வைத்து, 'நீங்கள் படித்துச் சொல்லுங்கள்' என்று வாசகரையே வேண்டிற்று. 20,000க்கும் மேற்பட்டோர் முதல் 80 மணி நேரத்தில் 1,70,000 பக்கங்களைப் பார்த்துவிட்டனர். அப்புறம் ஆர்வம் வடிந்தது. மனிதர் களைத்துப் போகிறவர்கள். எல்லையில்லாத வேலையை எவர் தலையிலும் வைக்கலாகாது.

"தம்பி, உங்கள் குழுவில் நீங்கள் என்றைக்காவது ஒரு கேள்வி கேட்டதுண்டா?" என்றோம். சற்றுத் தயங்கி, "எங்கள் செய்தியின் இணைப்பைத்தான் அனுப்பி வந்தேன்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஒரே ஒரு கேள்வி. 'உங்கள் தெருவில் குடிநீர் எந்த நாள், எந்த நேரம் வருகிறது?' விடையைக் குழுவில் எழுத வேண்டியதில்லை. குழுவில் பேசினால் ஒருவருடைய எண் அனைவருக்கும் தெரிந்துவிடும் என்று பெண்கள் தயங்குவதால், தனி எண் ஒன்றைக் கொடுத்து அதற்குக் குரலாகவே அனுப்பச் சொன்னார். எழுதத் தயங்கியவர்கள் பேசினார்கள். முதல் நாளே 40க்கு மேற்பட்ட குரல்கள், பெரும்பாலும் பெண்கள்.

அவற்றுள் ஒன்று நம் இல்லத்தாருடையது. எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒரு நாள், இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் வருகிறதாம். அவர் அந்நேரத்தில் எழுவது தஹஜ்ஜுதுத் தொழுகைக்காக மட்டுமே என்று இத்தனை காலம் நாம் எண்ணியிருந்தோம். குடம் நிறைத்துவிட்டுத்தான் தொழுகிறார் என்பதை ஒரு செய்தியாளர் சொல்லி நாம் அறிய வேண்டியதாயிற்று. ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம்.

மாணவர் அக்குரல்களைத் தெருவாரியாக அட்டவணையிட்டார். தண்ணீர் திறந்துவிடும் ஊழியரையும் சந்தித்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்பே ஏட்டில் எழுதினார். இரண்டு தெருக்களுக்கு நேரம் மாறிற்று. எங்கள் தெருவுக்கு மாறவில்லை. மாறியதையும் மாறாததையும் ஒன்றுபோல் குழுவில் அறிவித்தார். காலை வணக்கப் படங்கள் இன்னும் வருகின்றன, முன்போல் இல்லை. சிலர் சண்டையிட்டு விலகினர், அதுவும் நன்றே.

சென்ற வாரம் அந்தத் தனி எண்ணுக்கு எண்ணெய் வணிகரின் குரல் வந்ததாம். 'என் கடை எண்ணெயைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். எங்கே கொடுப்பது, எவ்வளவு செலவாகும்? முடிவு எதுவாயினும் ஊருக்குச் சொல்லிவிடுங்கள்' என்று கேட்டிருக்கிறார். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திற்கு அவரோடு மாணவரும் செல்கிறார். "ஹஜ்ரத் வந்தால் நல்லது" என்று வணிகரே சொன்னதாகத் தெரிகிறது. நாளை லுஹருக்குப் பின் புறப்படுகிறோம்.