அக்கா சொன்ன சிண்டரெல்லா

சிண்டரெல்லா கதையை எனக்கு முதன்முதலில் சொன்னது அக்காதான். எண்பதுகளின் ஆரம்பம். ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போகும். திண்ணையில் பாய் விரிப்போம். அக்கா பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் படித்ததை அவிழ்த்து விடுவாள்.

அக்காவின் சிண்டரெல்லா பாவாடை தாவணி கட்டியிருப்பாள். கோச்சு வண்டி கிடையாது. பறங்கிக்காய் வில்வண்டியாக மாறும். கண்ணாடிச் செருப்பு? ஊஹூம். "ராஜகுமாரன் போய் எவளோ விட்டுட்டுப் போன செருப்பைக் கையில தூக்கிட்டு வீடு வீடா அலைவானாடா? அசிங்கம்!" என்று அதைக் கொலுசாக மாற்றிவிட்டாள். பின்னாளில் நிஜக் கதையைப் படித்தபோது, வெள்ளைக்காரன்தான் அக்காவைக் காப்பியடித்துச் சொதப்பிவிட்டான் என்று தோன்றியது.

அதே அக்கா போன மாதம் போன் செய்தாள். அவள் பெண் இங்கே சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். முதல் வருஷம். சனி, ஞாயிறு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, துணி துவைப்பது, தூக்கம் எல்லாம். பத்து வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிப் பிறந்த பெண். ஆகவே அவள் தும்மினால் அக்காவுக்கு ஜுரம் வரும்.

"டேய், அவ உங்க வீட்டு ஹால்ல ஒரு புஸ்தகம் வச்சிருந்தா. நான் வந்தப்ப பின் அட்டையைப் பார்த்தேன். சிண்டரெல்லா கதைதான். ஆனா அதுல அவ ராஜகுமாரனை விட்டுட்டு... இன்னொரு பொண்ணை... எனக்குச் சொல்லவே வரலைடா. நீ படிச்சுப் பாரு. இவ ஏன் இதைப் படிக்கிறா?"

கடைசிக் கேள்விதான் கேள்வி. மற்றதெல்லாம் அதற்கு மடித்த வெற்றிலை.

வீட்டில் உளவுத்துறை உத்தியோகம் எனக்குப் புதிதல்ல. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் எலெக்ட்ரிக் டிரெயினில் பிரித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அட்டைக்குத் தினசரித் தாளால் உறை போட்டேன். (ஹி... ஹி... வீரம்!)

புத்தகத்தின் பெயர் 'ஆஷ்'. எழுதியவர் மலிண்டா லோ. சீனாவில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா போனவர். இது அவருடைய முதல் நாவல். 2009-ல் வந்தது. பதின்வயதுக்காரர்களுக்கென்று எழுதப்பட்டது. ஆஷ் என்றால் சாம்பல். சிண்டரெல்லா என்ற பெயரிலேயே அடுப்புச் சாம்பல் இருப்பது நமக்கெல்லாம் மறந்துவிட்டது. இவர் ஞாபகமாக அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

அம்மா செத்துப்போகிறாள். அப்பா இரண்டு பெண்களோடு இருக்கும் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்கிறார். அப்புறம் அவரும் போய்ச் சேருகிறார். "உன் அப்பா வைத்துவிட்டுப் போனது கடன்தான், நீ வேலை செய்து கழி" என்கிறாள் சிற்றன்னை. இதுவரை பழைய கதை. உதவிக்கு வருவது மட்டும் அன்பான தேவதைப் பாட்டி இல்லை. மோகினிக்கு ஆண்பால் என்னவோ, அப்படி ஒருத்தன். காட்டில் இருக்கிறான். அழகன். வரம் கொடுப்பான், ஆனால் அதற்கு விலை வைப்பான். இந்த இடத்தில் மலிண்டா லோவுக்கு ஒரு சபாஷ். பாட்டி கதையில் எல்லாமே இலவசம். வயசுக்கு வந்தவர்களுக்குச் சொல்லும் கதையில் பில் வர வேண்டும்.

அப்புறம் வருகிறாள் வேட்டைக்காரி. பெயர் கைசா. அரசனுடைய வேட்டைக் கூட்டத்துக்கே அவள்தான் தலைவி. குதிரை மேல் வருகிறாள். ஆஷுக்குக் குதிரை ஏறச் சொல்லிக் கொடுக்கிறாள். கதை சொல்கிறாள், கேட்கிறாள். இரண்டு பேரும் காட்டில் நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். தாம்பரத்தில் ஏறியவன் பார்க் ஸ்டேஷன் வந்தும் அவர்கள் காட்டை விட்டு வெளியே வரவில்லை. நடுவில் கொஞ்சம் இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன்.

நான் பயந்த மாதிரி ஒன்றும் வரவில்லை. சில பேர் ஆசைப்படுகிற மாதிரியும் ஒன்றும் வரவில்லை, வீண் கற்பனை வேண்டாம். இவள் வரும் நாளை அவள் எண்ணுகிறாள். அவ்வளவுதான். நமக்கெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நடந்ததே, அது.

ராஜகுமாரன் இருக்கிறான் சார், பாவம். அவனுக்குப் பெண் தேடுகிறார்கள். ஊரே அலங்காரம் செய்துகொண்டு நிற்கிறது. நம்ம பெண்ணுக்கு அவன் மேல் ஒன்றும் தோன்றவில்லை. கோபம்கூட இல்லை.

என்னை உட்கார வைத்தது வேறு ஒரு விஷயம். அந்த ஊரில் யாருமே ஆச்சரியப்படுவதில்லை. "ஐயையோ, பொண்ணும் பொண்ணுமா?" என்று கன்னத்தில் கை வைக்க ஒரு பாத்திரம்கூட இல்லை. அந்த நாட்டில் அதுவும் ஒரு வழக்கம், அவ்வளவுதான். ஆஷுடைய தொல்லையெல்லாம் சிற்றன்னையும், கடனும், காட்டுக்காரன் கேட்கும் விலையும்தான்.

இதற்குப் பிறகு, 2020-ல், கேலின் பேரன் என்பவர் 'சிண்டரெல்லா இஸ் டெட்' என்று எழுதினார். சிண்டரெல்லா செத்து இருநூறு வருஷம் கழித்து நடக்கும் கதை. அங்கே கண்டிப்பாக நடனத்துக்குப் போய் ஆண்கள் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும் என்று பெண்களுக்குச் சட்டமே போட்டிருக்கிறான் ராஜா. தோழியைக் காதலிக்கும் ஒரு பெண் அவனை எதிர்த்துக் கிளம்புகிறாள். விறுவிறுப்பு அதிகம். ஆனாலும் என் ஓட்டு ஆஷுக்குத்தான். சண்டை போட்டு ஜெயிப்பது ஒரு சுகம். சண்டையே தேவைப்படாத ஊர் எப்படி இருக்கும் என்று இருநூறு, முந்நூறு பக்கம் குடியிருந்து பார்ப்பது இன்னொரு சுகம். பதினெட்டு வயதில் எதற்கு ஏக்கம் வரும் என்று யோசித்தேன்.

'பழைய கதையில் ஏன் கை வைக்க வேண்டும்?' என்று ஆபீசில் ஒரு நண்பர் கேட்டார். எது சார் பழைய கதை? கண்ணாடிச் செருப்பு 1697-ல் பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதியது. கிரிம் சகோதரர்கள் 1812-ல் அச்சிட்டதில் செருப்புக்குள் கால் நுழையவில்லை என்று ஒருத்தி கால் விரலையே வெட்டிக்கொள்கிறாள். இவர்களுக்கெல்லாம் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சீனாவில் யே ஷியன் என்று ஒரு பெண். அவளுக்கு உதவுவது ஒரு மீனின் எலும்பு. கன்னடத்துப் பெண் ஹஞ்சி, முகத்தில் களிமண் முகமூடி போட்டுக்கொண்டு திரிகிறாள், ஏ.கே. ராமானுஜன் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1893-லேயே மரியன் காக்ஸ் என்ற அம்மாள் உட்கார்ந்து எண்ணி, 345 வடிவங்களைப் புத்தகமாகப் போட்டார். எங்கள் திண்ணைக் கொலுசையும் சேர்த்தால் 346. எம்மா டோனகு 1997-லேயே அந்தப் பெண்ணை உதவிக்கு வந்தவளோடேயே அனுப்பிவிட்டார். எல்லாரும் கை வைத்த சட்டிதான்.

இதில் ஒரு வேடிக்கை. மலிண்டா லோ முதலில் எழுதிய பிரதியில் ஆஷ் ராஜகுமாரனைத்தான் காதலித்தாளாம். அவரே சொல்லியிருக்கிறார். படித்துப் பார்த்த தோழி, "உன் கதாநாயகிக்கு ராஜகுமாரனிடம் ஒட்டவே இல்லை. அந்த இன்னொரு பெண் வரும்போதுதான் உயிர் வருகிறது" என்கிற மாதிரி சொன்னாராம். எழுதிய கைக்குத் தெரியாதது படித்த கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. லோ உட்கார்ந்து திருத்தி எழுதினார். 2021-ல் வேறொரு நாவலுக்காக அவருக்கு அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு கிடைத்தது.

சனிக்கிழமை அக்கா பெண் வந்தாள். நான் நாற்காலியில் புத்தகமும் கையுமாக.

"மாமா, அது என் புக்."

"தெரியும்மா."

"வேட்டைக்காரி வந்தாச்சா?"

"வந்தாச்சு. குதிரை ஓட்டக் கத்துக் கொடுக்கறா."

அவள் போகவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்க நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு வாய் நமநமவென்றது. அந்த வேட்டைக்காரியை வைத்து ஒரு ஜோக் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. நல்ல ஜோக். வாயைத் திறந்தேன்.

மூடிக்கொண்டேன்.

ஏன் என்றால், திருவல்லிக்கேணி.

1998. மேன்ஷனில் ஒரு அறைக்கு மூன்று கட்டில். என் பக்கத்துக் கட்டில் தஞ்சாவூர்க்காரன். கணக்கில் புலி. என் சட்டையையும் சேர்த்து இஸ்திரி போடுவான். மாசக் கடைசியில் கேட்காமலே ஐம்பது ரூபாய் தலையணைக்கு அடியில் இருக்கும். அவன் வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் போட்டோ தபாலில் வந்தது. அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தோம். புழுக்கம். ரொம்ப நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான்.

"எனக்குப் பொண்ணு வேண்டாம்டா. எந்தப் பொண்ணுமே. ஊர்ல ஒருத்தன் இருக்கான். என் கூடப் படிச்சவன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் விதவிதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது இது: "ஜாதகம் பாத்தாச்சா? யார்டா மாப்பிள்ளை, யார்டா பொண்ணு?"

அவனும் சிரித்தான். அதுதான் கொடுமை. 'சும்மா சொன்னேன்' என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதோடு விட்டேனா? காலையில் மெஸ்ஸில் பொங்கலுக்கு நடுவே நாலு பேரிடம் சொன்னேன். துரோகம் என்று நினைத்துச் சொல்லவில்லை. நல்ல ஜோக் வீணாகப் போகக் கூடாது என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர். மேன்ஷன் வாட்ச்மேன்வரை போயிற்று. பத்தாவது நாள் நான் ஆபீஸ் விட்டு வந்தபோது கட்டில் காலி. பிளாஸ்டிக் வாளியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான். என் சட்டை ஒன்று இஸ்திரி போட்டு மடித்து என் கட்டில் மேல் இருந்தது.

பிற்பாடு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று என்று கேள்வி. எனக்குப் பத்திரிகை வரவில்லை. அந்தப் போட்டோப் பெண்தானா, வேறு பெண்ணா, தெரியாது. அந்தப் பெண்ணையும் சில ராத்திரிகளில் நினைத்துக்கொள்வேன். என் ஜோக்குக்கு அவளும் ஏதோ பில் கட்டியிருப்பாளோ?

அப்போது சட்டமே அவனுக்கு எதிராக இருந்தது. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய 377-ஆம் பிரிவு. வயது வந்த இருவர் விருப்பத்துக்கு அது பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2018 செப்டம்பர் 6-ல். கல்யாண உரிமையை 2023-ல் கொடுக்கவில்லை. அது சட்டசபைகளின் வேலை என்று விட்டுவிட்டார்கள். நடுவில் 2021-ல் நம் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு. மதுரையிலிருந்து வீட்டார் எதிர்ப்புக்குப் பயந்து வந்த இரண்டு பெண்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்கே தெளிவு போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் உத்தரவு எழுதினார். ஹைகோர்ட் ஜட்ஜே 'எனக்குத் தெரியலை, சொல்லிக் கொடுங்க' என்கிறார். மேன்ஷனில் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது!

"என்ன மாமா, ஏதோ சொல்ல வந்தீங்க?"

"நடுவுல கொஞ்சம் இழுக்கறா. ஆனா அந்தக் கைசாவை எனக்குப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய் வாஷிங் மெஷினைப் போட்டாள். நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அக்காவின் போன். எதிர்பார்த்ததுதான்.

"படிச்சியாடா?"

"படிச்சேன்."

"என்ன அது? பயப்படற மாதிரியா?"

"நல்ல கதைக்கா. நீயும் படி."

"அவ்ளோ தடி இங்கிலீஷ் புஸ்தகத்தை நான் எப்படா படிக்கிறது? அவ ஏன் படிக்கிறான்னு கேட்டியா?"

"கேக்கலை. கதையை வேணா சொல்றேன், கேளு."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் ஆரம்பித்தேன். ஒரு ஊரில் ஒரு பெண், அம்மா செத்துப்போகிறாள் என்றதும் "ம்" என்றாள். சிற்றன்னை வந்ததும் "ம்". கடனுக்கு வேலை வாங்கியதும், "பாவி" என்றாள். காட்டுக்காரனுக்கு நான் யட்சன் என்று பெயர் வைத்தேன். வேட்டைக்காரிக்குக் குதிரை மேல் நல்ல உயரமும், இடுப்பில் கத்தியும் கொடுத்தேன். அவளும் நம்ம பெண்ணும் முதல்தடவை பேசிக்கொண்ட இடம் வந்தது. சொன்னேன். எதையும் மாற்றவில்லை.

அந்தப் பக்கம் 'ம்' வரவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நிமிஷக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அக்கா?"

"இருக்கேன்டா. குக்கர் விசில் விடுது. இரு, அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்... வச்சிடாதே."