வேலைத்தளத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

எமது தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, மொழியைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆயினும், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு மண்டப வாசலில் நிற்கும் தந்தையர் பலர் என்னிடம் மீண்டும் மீண்டும் வினவும் விடயம் வேறொன்று. "மாஸ்டர், நீங்கள் வேலை செய்துகொண்டே படித்தீர்களாமே, அது என்ன படிப்பு? எங்களுக்கும் ஏலுமோ?" என்பதே அது. அவர்களுள் கணிசமானோர் இலண்டன் மாநகரின் கட்டட வேலைத்தளங்களில் உழைப்பவர்கள். வாசலில் நின்று இரண்டு நிமிடங்களில் சொல்லிவிட முடியாத விடையை இம்மலரில் எழுத விழைகின்றேன்.

நான் படித்தது கட்டட நிர்மாண முகாமைத்துவம் என்னும் துறையில் முதுமாணிப் பட்டம். 2019ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் தொடங்கி 2022இல் நிறைவு செய்த மூன்றாண்டுப் பகுதிநேரப் படிப்பு அது. இதனைப் பொறியியற் படிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். இரண்டும் வேறானவை. ஒரு வளை எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும், அதற்குள் எத்தனை கம்பிகள் வேண்டும் என்பதைப் பொறியியலாளர் கணிக்கின்றார். அந்த வளையை எவர், எந்நாளில், எதற்குப் பின்னர், எவ்வளவு செலவில், எந்த ஒப்பந்தத்தின்படி, ஒருவருக்கும் தீங்கு நேராமல் அமைப்பது என்பதை ஒழுங்குசெய்வதே முகாமைத்துவம்.

ஊரிலே வீடு கட்டியவர்களுக்கு இது புதிய விடயமன்று. வளவில் முதலில் கிணறு வெட்டுவோம். சாந்து குழைக்கவும் சுவர் நனைக்கவும் தண்ணீர் வேண்டும் என்பதே காரணம். ஐப்பசி மழைக்கு முன்னர் கூரை ஏறிவிட வேண்டும் என்று கணக்கிட்டு அத்திவாரத்துக்கு நாள் பார்ப்போம். மேசன் வரும் நாளில் கல்லும் மணலும் வளவிலே கிடக்க வேண்டும். ஓடாவியார் வரும் நாளில் மரம் அறுபட்டுக் காய்ந்திருக்க வேண்டும். எமது தந்தையர் இவற்றையெல்லாம் ஏட்டில் எழுதாமல் மனத்திலே வைத்திருந்தனர். நாற்பது மாடிக் கட்டடத்துக்கு ஒருவருடைய மனம் போதாது. ஆகவே அதனை ஒரு கல்வியாக வளர்த்துள்ளனர்.

மாணவச் செல்வங்களுக்காக இங்கு ஒரு சிறு கணக்குத் தருகின்றேன். ஒரு வீட்டுக்கு அத்திவாரம் 10 நாட்கள், சுவர் 15 நாட்கள், கூரை 8 நாட்கள் என்று கொள்வோம். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெற முடியும். இதே வேளையில் ஓடாவியார் தமது பட்டறையில் கதவுகளைச் செய்கின்றார். அதற்கு 20 நாட்கள். கூரை முடிந்தபின் கதவுகளைப் பூட்ட 4 நாட்கள். அப்படியாயின் வீடு முடிய 37 நாட்கள் செல்லும். மேசன் ஒரு நாள் பிந்தினால் வீடும் ஒரு நாள் பிந்தும். ஓடாவியாரோ 13 நாட்கள் வரை பிந்தினாலும் வீடு பிந்தாது. ஏன் என்று நீங்களே கணித்துப் பாருங்கள். தொடர்ந்து வரும் வேலைகளின் மிக நீண்ட பாதையே, வீட்டை முடிக்கத் தேவையான மிகக் குறைந்த காலத்தைத் தீர்மானிக்கின்றது. இதனைக் 'கிறிற்றிக்கல் பாத்' முறை என்பர். 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில், டியூபொன் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெலியும் இதனை வகுத்தனர். இன்று பெரிய வேலைத்தளங்களில் சுவரிலே தொங்கும் கால அட்டவணைகளுக்கு அடிப்படை இதுவே. வன்னியில் கணித ஆசிரியனாக இருந்த எனக்கு, இந்தக் கணக்கைக் கண்ட நாள், நெடுநாள் பிரிந்த உறவினரைக் கண்ட நாள் போலிருந்தது.

ஆயினும், கணக்கின் மீதுள்ள விருப்பத்தினால் மட்டும் நான் இப்படிப்பை நாடவில்லை.

நான் 2010இல் இந்நாட்டுக்கு வந்தேன். 2012இல் அகதி அந்தஸ்துக் கிடைத்த பின்னர் கட்டட வேலைத்தளங்களில் கூலியாளாகச் சேர்ந்தேன். என் பட்டமும் ஆசிரிய அனுபவமும் அங்கே எவருக்கும் தேவைப்படவில்லை. ஆள் சேர்க்கும் அலுவலகம் ஒன்றில் இருந்தவர் எனது பத்திரங்களைத் திறந்தும் பாராமல், "சப்பாத்து அளவு என்ன?" என்று மட்டும் கேட்டார். அதனையும் பொறுத்துக்கொண்டு உழைத்தோம்.

2015ஆம் ஆண்டு, நான் வேலை செய்த ஒரு தளத்தில் எம்மவரான இளைஞர் ஒருவரும் வேலை செய்தார். மேல்மாடித் தளத்தில் குழாய்கள் செல்வதற்காக விடப்பட்ட துவாரம் ஒன்றை ஒட்டுப்பலகையால் மூடியிருந்தனர். அப்பலகையைத் தொடக்கூடாது என்று அன்று காலை ஆங்கிலத்தில் அறிவுறுத்தல் வழங்கப்பட்டது. எல்லோரையும் போல அவரும் தலையசைத்தார். தாளில் கையொப்பமும் இட்டார். பிற்பகலில் தளத்தைத் துப்புரவாக்கும்போது, கிடக்கும் பலகைகளுள் இதுவும் ஒன்று என எண்ணி அதனைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓரடி வைத்தார். பலகையோடு ஒரு மாடி கீழே விழுந்தார். உயிர் பிழைத்தார், ஆனால் முதுகெலும்பு பாதிக்கப்பட்டமையால் அன்றுடன் அவரது பாரமான வேலை முடிந்தது. விசாரணை நடைபெற்றபோது அவரது கையொப்பம் இட்ட தாளை எடுத்துக் காட்டினர். அறிவுறுத்தல் கொடுக்கப்பட்டது, ஆகவே அவர்தான் கவனிக்கவில்லை என்றாயிற்று.

தலையசைப்பு எதற்குச் சான்று என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். "விளங்கியதா?" என்று கேட்டால் நாற்பது தலைகளும் அசையும். ஒருவரை எழுப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னாற்றான் எத்தனை பேருக்கு விளங்கியது என்பது வெளிப்படும். இதனைக் கூறுவதற்கு அத்தளத்தில் எனக்கு உரிமை இருக்கவில்லை. கூலியாளின் கருத்தை ஒருவரும் ஏட்டில் எழுதுவதில்லை. சொல்வதை எழுதிக்கொள்ளும் இடத்துக்கு நான் போகவேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் தோன்றியது.

அதற்கான வழி நான் நினைத்ததைவிடத் திறந்தே இருந்தது. இத்துறையின் முதுமாணிப் படிப்புக்குப் பொறியியற் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. வேறு துறைப் பட்டதாரிகளையும் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. பட்டம் இல்லாதவரையும் அவரது நீண்டகால வேலை அனுபவத்தைக் கருத்திற்கொண்டு ஏற்கும் இடங்கள் உண்டு. ஹெரியற்-வாட் போன்ற பல்கலைக்கழகங்கள் இத்துறையைத் தொலைக்கல்வி மூலமும் கற்பிக்கின்றன. எனது பட்டச் சான்றிதழ் இடப்பெயர்வுகளின்போது தொலைந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி உறுதிப்படுத்திய பிரதி ஒன்றைப் பெற்றேன். பிறநாட்டுப் பட்டங்கள் இந்நாட்டின் எந்தத் தரத்துக்கு ஒப்பானவை எனக் கூறும் தேசிய நிலையம் ஒன்று உண்டு. அது இன்று யூகே எனிக் என வழங்குகின்றது. அதன் மதிப்பீட்டோடு விண்ணப்பித்தேன்.

பணத்தைப் பற்றியும் கூறவேண்டும். இங்கிலாந்தில் முதுமாணிப் படிப்புக்கான அரச கடன் 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படுகின்றது. 2025-26 கல்வியாண்டில் தொடங்கும் படிப்புக்கு அதன் உச்சத்தொகை 12,858 பவுண். முன்னர் முதுமாணிப் பட்டம் பெறாதவராகவும், படிப்புத் தொடங்கும்போது 60 வயதுக்கு உட்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்றவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம்; முடிவுக்காகக் காத்திருப்போருக்கு இவ்வாய்ப்புப் பொதுவாக இல்லை. கட்டணம் முழுவதற்கும் இத்தொகை போதாமலும் போகலாம். கையொப்பமிடுவதற்கு முன்னர் கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

பணத்திலும் அரியது நேரம். பிரித்தானியாவில் ஒரு முதுமாணிப் பட்டம் 180 புள்ளிகளைக் கொண்டது. ஒரு புள்ளிக்கு 10 மணித்தியாலக் கற்றல் என்பது கணக்கு. ஆக மொத்தம் 1,800 மணித்தியாலங்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 600. ஆண்டுக்கு 50 வாரங்கள் படித்தாலும் வாரத்துக்கு 12 மணித்தியாலங்கள். நாளெல்லாம் வேலைத்தளத்தில் நிற்பவர் இதனை எங்கிருந்து எடுப்பது? புகையிரதப் பயணத்தில் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் வாசித்தேன். ஞாயிறு முழுவதையும் படிப்புக்குக் கொடுத்தேன். சனி காலைத் தமிழ் வகுப்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மிகுதியை வீட்டார் கொடுத்தனர். என் துணைவியார் தமது வேலையோடு சமையலையும் சந்தையையும் பிள்ளைகளையும் மூன்றாண்டுகள் தனியே சுமந்தார். பட்டச் சான்றிதழில் எனது பெயர் மட்டுமே உள்ளது. ஆனால் அந்த 1,800 மணித்தியாலங்களில் பெரும்பகுதி அவர் தந்தது.

60 புள்ளிகளுடன் நிறுத்தினால் பட்டப்பின் சான்றிதழும், 120 புள்ளிகளுடன் நிறுத்தினால் பட்டப்பின் தகைமைச் சான்றிதழும் பெறும் ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் உண்டு. இடையில் குடும்பச் சுமை கூடினாலும் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் எமது வகுப்புகள் கணினித் திரைக்கு மாறியபோது, நிறுத்திவிடலாமா என நானும் எண்ணியதுண்டு. அப்போது சமையலறை மேசையின் ஒரு பக்கத்தில் எனது மகள் பாடம் படித்தாள். மறுபக்கத்தில் நான் ஒப்பந்தச் சட்டம் படித்தேன். "படி, படி" என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அங்கே கற்றவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு குறிப்பிடுகின்றேன். 2017 ஜூன் 14ஆம் நாள் இலண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் தீப்பற்றியது. 72 பேர் உயிரிழந்தனர். எளிதில் எரியும் பொருளால் அதன் வெளிச்சுவர் போர்த்தப்பட்டிருந்தது. எந்தப் பொருளை எவர் தெரிந்தார், எவர் மாற்றினார், எவர் ஒப்புதல் அளித்தார் என்னும் தகவல் ஒரே தொடராகப் பேணப்பட வேண்டும் என்று டேம் ஜூடித் ஹக்கிற் 2018இல் தமது அறிக்கையில் வலியுறுத்தினார். 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் உயர்ந்த குடியிருப்புக் கட்டடங்களுக்கு அதனைக் கடமையாக்கியது. கட்டடத்தைக் காப்பது கொங்கிறீற்று மட்டுமன்று, சொன்னதும் கேட்டதும் சரியாகப் போய்ச் சேர்தலும்தான் என்பதே நான் பெற்ற பாடம்.

எனவே எனது இறுதி ஆய்வுக்கு, ஆங்கிலம் முதன்மொழியல்லாத தொழிலாளர்க்கு வேலைத்தளப் பாதுகாப்பு அறிவுறுத்தல்கள் எவ்வாறு சென்றடைகின்றன என்பதை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான், 2015ஆம் ஆண்டின் நிர்மாண ஒழுங்குவிதிகளில் ஒரு வாசகத்தைக் கண்டேன். தகவலோ அறிவுறுத்தலோ வழங்கக் கடமைப்பட்டவர், அது விளங்கக்கூடியதாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த இளைஞர் விழுந்த ஆண்டிலேயே அவ்விதி நடைமுறைக்கு வந்திருந்தது. கையொப்பத் தாளை எடுத்துக் காட்டிய நாளில், இவ்விதியை எடுத்துக் காட்ட அவர் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

இன்று நான் ஒரு நிறுவனத்தில் வேலைத் திட்டமிடற் பிரிவில் பணிபுரிகின்றேன். எங்கள் தளத்தில் காலை அறிவுறுத்தல் முடிந்ததும், "விளங்கியதா?" என்று கேட்பதில்லை. ஒருவரை அழைத்து, "இன்று எந்த இடத்துக்குப் போகக்கூடாது? காட்டுங்கள்" என்கின்றோம். தமிழரோ, ருமேனியரோ, போலந்து நாட்டவரோ, தமக்குத் தெரிந்த சொற்களில் சொல்லி, கையால் சுட்டிக் காட்டுவர். இது வன்னியில் மரநிழல் வகுப்பில் நான் செய்த அதே வேலைதான். அகதியாக வந்தபோது எனது தொழிலைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தேன் என்றிருந்தேன். அதனை இந்நாட்டின் மொழியில், இந்நாட்டின் சட்டத்தோடு சேர்த்துப் பயன்படுத்தும் இடத்தை இப்படிப்பு எனக்குத் தந்தது.

பெற்றோரே, உங்களுள் பதினைந்து, இருபது ஆண்டுகள் வேலைத்தளத்தில் நின்றவர்கள் உள்ளனர். நூல்களில் நான் படித்தறிந்த பலவற்றை நீங்கள் கையால் அறிவீர்கள். எல்லோரும் முதுமாணிப் பட்டம் பெறவேண்டும் என்று நான் கூறவில்லை; ஆங்கில மாலை வகுப்பு ஒன்றும் ஒரு தொடக்கமே. விரும்புவோர் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வாருங்கள். விண்ணப்பப் படிவத்தை இருவருமாக இருந்து நிரப்புவோம்.

மாணவச் செல்வங்களே, உங்கள் தந்தையார் வேலைத்தளத்திலிருந்து கொண்டுவரும் அறிவுறுத்தற் பத்திரத்தை ஒருநாள் கேட்டு வாங்குங்கள். அதனை வாசித்துத் தமிழில் அவருக்குச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத சொற்கள் வந்தால் சனிக்கிழமை என்னிடம் கொண்டுவாருங்கள். சொல்லி முடித்தபின், அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சிரிப்பார், சிரித்தாலும் விடாதீர்கள்.