குரலுக்கு ஒரு திண்ணை

துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு துறைத்தலைவர் கேட்டபோது, இலக்கியப் பொருள் ஒன்றையே எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். முப்பது ஆண்டுகளாக நான் செய்து வந்ததும் அதுவே. இம்முறை, தமிழாசிரியன் ஒருவன் தன் வீட்டுப் பழங்கணினியில், பலர் ஒருங்கு கூடிக் குரல்வழி உரையாடுவதற்கான வழங்கி ஒன்றை நிறுவிய வரலாற்றைச் சொல்ல விழைகின்றேன். கணினி கற்றோர் இதனைப் படித்துப் புன்முறுவல் செய்யலாம். எனினும், வகுப்பறை எனக்குக் கற்பிக்கத் தவறிய பாடம் ஒன்றை அக்கணினியே கற்பித்தது. ஆதலின் அதனைப் பதிவு செய்வது கடமை எனக் கருதுகின்றேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கல்லூரியும் விடுதியும் அதற்குச் சில நாள்கள் முன்னரே மூடப்பட்டிருந்தன. அவ்வாண்டு முதுகலை இறுதியாண்டில் பயின்ற மாணவருள் ஒருவர் பார்வையற்றவர். விடுதியில் நாள்தோறும் மாலைத் தேநீருக்குப் பின் தோழர்கள் முறை வைத்துக்கொண்டு அவருக்குப் பாடநூல்களைப் படித்துக் காட்டுவது வழக்கம். விடுதி மூடியதும் அவர் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள தம் சிற்றூருக்குச் சென்றுவிட்டார். பெற்றோர் எழுத்தறியாதவர். படித்துக் காட்டுவார் ஒருவரும் இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் தொலைபேசியில் என்னை அழைத்தவர், “நூல்கள் எல்லாம் பெட்டியிலேயே இருக்கின்றன, ஐயா” என்று மட்டும் கூறினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கணினியே படித்துக் காட்டாதா என்று சிலர் வினவலாம். படிக்கும். அரசு வழங்கிய மடிக்கணினி ஒன்று அவரிடம் இருந்தது. அதில் என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் இயங்கியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் டே என்பாரும் உடன் சேர்ந்து வளர்த்த இலவச மென்பொருள் அது. அவ்விருவரும் பார்வையற்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. ஒருங்குறியில் தட்டெழுதப்பெற்ற தமிழை அம்மென்பொருள் தடையின்றிப் படிக்கும். ஆனால், நமக்கு வேண்டிய பழைய உரைநூல்கள் பல, அச்சுப் பக்கங்களை ஒளிப்படமாக எடுத்த கோப்புகளாகவே கிடைக்கின்றன. படத்தில் உள்ள எழுத்து, படிப்பானுக்கு எழுத்தன்று, வெறும் கறையே. தட்டெழுதிய செய்யுள் கிடைப்பினும் இடர் தீர்வதில்லை. சீர் பிரித்து அச்சிட்டதனை அது சீர் பிரித்தவாறே படிக்கும். பொருள் நோக்கிப் பிரித்துச் சேர்த்துப் படிக்க மனிதர் ஒருவர் வேண்டும்.

தொலைபேசியில் ஒருவர் ஒருவராக அழைத்துப் படித்துப் பார்த்தோம். படிப்பவரும் கேட்பவரும் மட்டும் இருந்தனரே அன்றி, நடுவே ஐயம் எழுப்புவார், மறுத்துரைப்பார் எவரும் இல்லை. காணொளிக் கூட்டங்களோ, நாளொன்றுக்கு ஒரு ஜி.பி. அளவே இணையம் பெற்றிருந்த மாணவர்க்குக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் பொறியியல் பயிலும் என் மகள், “அத்தா, முகம் எதற்கு? குரல் மட்டும் போதுமே. மம்பிள் போடலாம்” என்றாள்.

மம்பிள் என்பது 2005 முதல் வழங்கி வரும் கட்டற்ற மென்பொருள். கணினி விளையாட்டில் ஈடுபடுவோர் தமக்குள் பேசிக்கொள்வதற்கென எழுந்தது. இதற்கு இரு கூறுகள் உண்டு. பேசுவோர் தத்தம் கருவியில் நிறுவிக்கொள்வது ஒன்று. அனைவரும் வந்து சேரும் இடமாக நிற்கும் வழங்கி மற்றொன்று. அவ்வழங்கியை எவரும் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நம் முன்னோர் வீட்டின் முகப்பில் திண்ணை கட்டி வைத்தனர் அல்லவா? வருவோர் அமர்ந்து பேசிச் செல்வர். திண்ணை எதனையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. மம்பிள் வழங்கியும் அத்தகையதே. ஒருவர் குரலை வாங்கி ஏனையோர்க்கு அனுப்பிவிட்டு அமைதியுறும்.

பரணில் கிடந்த பழைய கணினியை இறக்கித் துடைத்து, டெபியன் என்னும் லினக்சு இயங்குதளத்தை ஏற்றினாள் மகள். வழங்கியை நிறுவ ஒரே ஒரு கட்டளை போதுமானதாக இருந்தது. கால் மணி நேரத்தில் கூடத்தில் இருந்த நானும் அடுக்களையில் இருந்த அவளும் மம்பிள் வழியே பேசிக்கொண்டோம். செயல் முடிந்தது என்று மகிழ்ந்தேன். உண்மையில், வெளியூர் மாணவர் ஒருவர் உள்ளே வருவதற்கு அதன் பின் ஒன்பது நாள்கள் ஆயின.

வீட்டுக்குள் நம் கணினிக்கு ரௌட்டர் தரும் எண், வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியார் அறிந்தது ரௌட்டரின் முகவரியையே. ஆகவே, மம்பிளுக்குரிய 64738 என்னும் வாயிலுக்கு வருவோரை இன்ன கணினிக்கு அனுப்புக என்று ரௌட்டருக்கு நாம் சொல்லி வைக்க வேண்டும். அவ்வாறே செய்தோம். எவரும் வந்தாரில்லை. மூன்று நாள் தேடிய பின்னரே காரணம் விளங்கிற்று. எங்கள் ரௌட்டருக்கே சொந்த முகவரி இல்லை! பழைய இணைய முகவரி முறையில் கிடைக்கக் கூடிய எண்கள் ஏறத்தாழ 429 கோடியே. அவற்றின் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் இணைய நிறுவனங்கள் பல, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. அத்தகைய பங்கீட்டுக்கென 2012இல் ஒதுக்கப்பட்ட எண்கள் 100.64 முதல் 100.127 வரை தொடங்குவன. எங்கள் ரௌட்டர் காட்டிய எண் 100.72 என்று தொடங்கிற்று. பெருங்குடியிருப்பின் பெயரை மட்டும் எழுதி, வீட்டு எண்ணை எழுதாத மடலுக்கு நேரும் கதியே எங்கள் மாணவர்க்கும் நேர்ந்தது. நிறுவனத்தாரைத் தொலைபேசியில் வேண்டி, தனிக்கட்டணம் செலுத்தி, மாறாத முகவரி ஒன்றைப் பெற்றோம்.

பின்னர்க் குரல் வந்தது. ஆனால் தேம்பித் தேம்பி வந்தது. ஓரடி சொல்லி நின்று, பின் மூன்றடி ஒருசேரக் கொட்டிற்று. டி.சி.பி., யு.டி.பி. என இருவகை அனுப்புமுறைகள் உள்ளன என்பதனை அன்று அறிந்தேன். முதலாவது, வழியில் ஒரு சிப்பம் தொலைந்தால் அது மீண்டும் வந்து சேரும் வரையில் பின்வருவனவற்றையும் நிறுத்தி வைக்கும். மடலுக்கும் கோப்புக்கும் அதுவே ஏற்றது. இரண்டாவது, தொலைந்ததற்கு வருந்தாமல் அடுத்ததனைத் தரும். பேச்சுக்கு வேண்டுவது இதுவே. அரை அசை கெட்டாலும் செவி அதனை நிரப்பிக்கொள்ளும். காலந்தாழ்ந்து வருவதனை அதனால் பொறுக்க இயலாது. நாங்கள் 64738ஆம் வாயிலை டி.சி.பி.க்கு மட்டும் திறந்துவிட்டு, யு.டி.பி.யை மறந்திருந்தோம். வேறு வழியின்றி மம்பிள் குரலையும் டி.சி.பி. வழியே செலுத்தியிருக்கிறது. அதனையும் திறந்தபின் குரல் தெளிந்தது.

செலவுக் கணக்கையும் கூறிவிடுகின்றேன். மம்பிள் குரலைச் சுருக்கப் பயன்படுத்தும் முறைக்கு ஓப்பஸ் என்று பெயர். 2012இல் இணையத்தின் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. ஒருவர் குரலுக்கு நொடிக்கு 40 கிலோபிட் என்று வரையறுத்துக்கொண்டோம். கேட்கும் மாணவர்க்கு மணிக்கு 18 எம்.பி. மட்டுமே செலவாகும். ஆனால் வழங்கியோ, கேட்போர் ஒவ்வொருவர்க்கும் ஒரு படி அனுப்ப வேண்டும். நான் படிக்க மாணவர் பதின்மூவர் கேட்டால், என் வீட்டிலிருந்து நொடிக்கு 520 கிலோபிட் வெளிச்செல்லும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அஃது இருமடங்காகும். எனவே இணையத்தின் இறக்கு வேகத்தைக் காட்டிலும் ஏற்று வேகமே விருந்து வைப்பவன் கவனிக்க வேண்டுவது. மின்வெட்டுக்கு அஞ்சிக் கணினியையும் ரௌட்டரையும் இன்வெர்ட்டரோடு இணைத்தோம்.

மாலை ஏழு மணிக்குப் படிப்புத் தொடங்கிற்று. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் வரைந்த உரையை எடுத்துக்கொண்டோம். உ.வே.சாமிநாதையர் 1892இல் பதிப்பித்து வெளியிட்ட அரிய உரை அது. இசையும் கூத்தும் செறிந்த அப்பகுதி, கண்ணால் படிப்பவரையே திணற அடிக்கும். முதல் வாரத்தில் ஒரு நாள், நூலைக் கையில் ஏந்தியவாறு பழக்கத்தினால், “இந்த அடியைப் பாருங்கள். இதற்கும் மேலே உள்ள அடிக்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள்” என்றேன். விரலும் அடியின் மேல் இருந்தது. சற்று நேரம் ஒலியில்லை. பிறகு அம்மாணவரின் குரல் கேட்டது.

“எந்த அடி, ஐயா? இப்போது எங்களுள் யாருக்குமே தெரியவில்லை.”

தோழர்கள் நகைத்தனர். அவரும் நகைத்தார். நானும் உடன் நகைத்தேன் எனினும், அன்றிரவு உறக்கம் வரவில்லை. ‘இப்போது’ என்னும் அச்சொல் என்னை விடவில்லை. இரண்டு ஆண்டுகள் அவர் என் வகுப்பில் அமர்ந்திருந்தார். நாள்தோறும் கரும்பலகையில் எழுதி, “இதைப் பாருங்கள்” என்று எத்தனை முறை கூறியிருப்பேன்! ஒருமுறையேனும் அவர் என்னைத் தடுத்ததில்லை. ஏனையோர்க்குத் தெரிந்ததனைத் தனக்காக நிறுத்தச் சொல்ல அவருக்கு மனம் வந்திராது. ஒருவருக்கும் தெரியாத இடம் ஒன்று அமைந்த பின்னரே அவருக்குக் கேட்க வாய்த்தது. நான் அவருக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டிருந்தேன். உண்மையிலோ, நாங்கள் பதின்மூவரும் அவர் நெடுங்காலம் வாழ்ந்த ஊருக்குப் புதிதாய்க் குடிபோயிருந்தோம்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருங்கச் சொல்கின்றேன். தொடக்கத்தில் கடவுச்சொல் வைக்காமல் விட்டிருந்தேன். ஒரு மாலை, முன்பின் அறியாத இருவர் நுழைந்து கூச்சலிட்டுப் படிப்பைக் குலைத்தனர். திண்ணை வைத்தவன் வாசலையும் காக்க வேண்டும் என்று அன்று உணர்ந்தேன். மகள் கடவுச்சொல் அமைத்தாள். அறையை ஆளும் உரிமை ஒருவரிடம் இருக்க வேண்டும் என்றபோது, அதனை அம்மாணவரிடமே ஒப்படைத்தேன். மம்பிளின் பட்டியல்களைச் சுட்டியின்றி விசைப்பலகையாலேயே இயக்கப் பழகிக்கொண்டார். எவர் வந்தார், எவர் சென்றார், எவர் ஒலிவாங்கியில் மின்விசிறி இரைகிறது என்பதெல்லாம் அவருக்கு நொடியில் விளங்கும். நெடுநேரம் பேசாதிருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்து, “அடுத்த பகுதி உங்களுடையது” என்பார். வகுப்பில் கடைசி இருக்கையில் அமைதியாக இருந்தவர், அத்திண்ணையில் அவைத்தலைவரானார். நானும் “கோவலன் மாதவியைக் காணும் இடத்திற்கு இரண்டு பத்தி முன்னால்” என்று இடம் சுட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அவ்வாறு சுட்டும்போது நூலின் அமைப்பு எனக்கே முன்னினும் தெளிவாயிற்று.

செப்டம்பரில் இறுதிப் பருவத் தேர்வு இணையவழி நடந்தேறியது. அதுவரை ஏறத்தாழ ஐந்து திங்கள் மாலைகள் அத்திண்ணை நிறைந்திருந்தது. அம்மாணவர் முதல் வகுப்பில் தேறினார். பின்னர்க் கல்வியியல் பட்டமும் பெற்று, இன்று பள்ளி ஒன்றில் தமிழ் பயிற்றுவிக்கின்றார். அன்பர்கள் அதனை என் உதவி என்று பாராட்டுவதுண்டு. அப்பாராட்டைப் பெற எனக்குத் தகுதியில்லை. இரண்டு ஆண்டுகள் கேளாதிருந்த செவியைப் பழங்கணினி ஒன்று திறந்தது என்பதே உண்மை.

மலரைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நம் துறையின் அறையிலும் பயன்படாத கணினி ஒன்று துணி போர்த்துக் கிடக்கின்றது. மென்பொருளுக்கு விலையில்லை. மாறாத முகவரி ஒன்றும், வாயிலைக் காக்கக் கடவுச்சொல் ஒன்றும், கற்றுத்தர மூத்த மாணவர் ஒருவரும் இருந்தால் போதும். இப்போது முதலாண்டில் பார்வையற்ற மாணவியர் இருவர் சேர்ந்துள்ளனர். அடுத்த விடுமுறையில் அவர்களுடைய நூல்களும் பெட்டியிலேயே கிடக்க வேண்டியதில்லை. அதற்கு முன், நாளைய வகுப்பிலேயே நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. “இந்த அடி” என்று சொல்ல வாய் எழும்போது, சற்று நின்று, எந்த அடி என்று சொல்லிவிடுவோம்.