சரிவைப் படிக்கும் கண்

மழை நாளில் வாருங்கள், அப்போதுதான் எங்கள் வேலை உங்களுக்குப் புரியும் என்று பாதைப் பராமரிப்புக் குழுவின் தலைவி சொல்லியிருந்தார். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், மவுண்ட் ரோஜர்ஸ் மலைப்பகுதியில் அவருடைய குழுவோடு ஏறிய அன்று விடியலிலிருந்தே தூறல். அப்பலாச்சியன் ட்ரெயிலின் ஒரு துண்டு அது. ஜார்ஜியாவில் புறப்பட்டு 14 மாநிலங்களைக் கடந்து மெய்னில் கடாடின் சிகரம்வரை சுமார் 3,500 கிலோமீட்டர் போகிற ஒற்றையடிப் பாதை. பென்டன் மெக்கே 1921இல் ஒரு கட்டுரையில் முன்வைத்த யோசனை, 1937இல் முழுப் பாதையாகியது. அன்றிலிருந்து இன்றுவரை அதைக் காப்பாற்றி வருபவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மன்றங்களின் தன்னார்வலர்களும் இந்த மாதிரிக் குழுக்களும்தான்.

பாதையைக் கெடுப்பது நடப்பவர்களின் கால் மட்டுமில்லை. கால் தொடங்கிவைக்கிறது, தண்ணீர் முடித்துவைக்கிறது. ஆயிரக்கணக்கான பூட்ஸ்கள் நடுப்பகுதியை அழுத்த, மண் பள்ளத்துப் பக்க ஓரத்தில் வரப்பு மாதிரி ஏறிவிடுகிறது. சரிவில் இறங்கி ஓட வேண்டிய மழைநீர் அந்த வரப்பில் முட்டி, பாதை நெடுகவே ஓடத் தொடங்குகிறது. சில பருவங்களில் பாதை வாய்க்காலாகிவிடும். சேற்றுக்குப் பயந்து ஆட்கள் ஓரமாக நடப்பார்கள். பாதை அகலும், ஓரத்துச் செடிகள் போகும்.

ஆகவே வேலை முழுவதும் தண்ணீரைச் சுற்றித்தான். வரப்பை வெட்டி எடுத்து, வெளி ஓரம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும்படி சாய்வு தர வேண்டும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. சரிவு 20 சதவீதமென்றால் பாதை 10. மீறினால் தண்ணீர் சரிவை விட்டுவிட்டுப் பாதையையே பிடித்துக்கொள்ளும். நீண்ட இறக்கங்களில் இடையிடையே பாதையைச் சற்றே மேலேற்றி ஒரு தாழ்வு விட்டால், நீர் அங்கே வெளியேறும். இந்த விதிகளை அரை நாளில் யாரும் கற்றுக்கொள்ளலாம். இந்தச் சரிவில், இந்த வேருக்கும் அந்தப் பாறைக்கும் நடுவே, தாழ்வை எங்கே வைப்பது என்பதற்குத்தான் வருஷங்கள் வேண்டியிருக்கின்றன.

அன்று ஒரு புதிய இளைஞனுக்கு அந்த வேலை. கையில் புலாஸ்கி: ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் கொத்து. 1910இல் ஐடஹோ காட்டுத்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போய்ப் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அதற்கு. அவன் ஆழமாகவும் குறுகலாகவும் ஒரு குழி வெட்டியிருந்தான். தலைவி வந்தார், பார்த்தார், திருத்தவில்லை. கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார் என்றார். மேலிருந்து வந்த நீரில் பாதி வெளியேறியது, மீதி குழியைத் தாண்டிப் பாதையிலேயே போனது. குழியின் வாயில் சருகு அடைக்கத் தொடங்கியிருந்தது. அவன் ஒன்றும் பேசாமல் மண்ணை எடுத்து அகலமாக்கினான். வெளிவாயைச் சரிவு வரைக்கும் இழுத்துவிட்டான்.

நீங்களே செய்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்குமே என்று அவரிடம் கேட்டேன்.

"முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வருஷம் நான் இங்கே இருப்பேனோ என்னவோ. அவன் இருக்க வேண்டுமே."

எல்லாவற்றிலும் அவருக்கு இந்தப் பொறுமை கிடையாது. கருவியைச் சரிவின் கீழ்ப்பக்கக் கையில்தான் பிடித்து நடக்க வேண்டும். வழுக்கினால் தூக்கி எறிந்துவிடலாம். அதை ஒருவர் மறந்தாலும் குழு மொத்தமும் நிற்கும். காலையில் வட்டமாக நின்று ஒவ்வொருவரும் உடம்பு எப்படியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சரியாகத் தூங்காதவருக்கு அன்று ரம்பம் கிடையாது. 1964ஆம் ஆண்டு அமெரிக்க வனாந்தரச் சட்டத்தின்படி வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் கருவிகளுக்கு அனுமதியில்லை. குறுக்கே விழுந்த மரத்தை இருவர் இழுக்கும் நீண்ட ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். அதில் இழுக்கலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளைந்து சிக்கும். அதனால் பழகிய ஒருவரோடு புதியவரைச் சேர்த்து நிறுத்துகிறார். எதிரே இருப்பவர் இழுக்கும்போது கையைத் தளர்த்திக் கொடுக்கக் கற்பதற்கே புதியவருக்கு ஒரு காலை போகிறது.

இரண்டு பெண்கள் கடப்பாரைகளோடு ஒரே ஒரு கல் படியை மதியம்வரை அமர்த்திக்கொண்டிருந்தார்கள். தலைவி அதன்மேல் ஏறிக் குதித்தார். கல் துளி ஆடியது. தோண்டி எடுங்கள் என்றார். இருவர் முகமும் வாடியது, ஆனாலும் எடுத்தார்கள். மறுபடி வைக்கும்போது அவரும் முழங்காலிட்டு, அடியில் எந்தச் சிறுகல் அசைகிறது என்று அவர்களே விரலால் தடவிக் கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் இருந்தார்.

அவருடைய நோட்டில் யார் எந்த நாள் எந்த வேலை செய்தார்கள் என்ற கணக்கு இருக்கிறது, ஒருவரே எப்போதும் மண் சுமக்கக் கூடாதென்பதற்காக. வனத்துறையோடும் உள்ளூர் மன்றத்தோடும் பேசுவது, வண்டி, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. சம்பளம் குறைவு, அதுவும் பருவத்துக்கு மட்டும். இத்தனை கற்றவர்கள் சில வருஷங்களில் வேறு வேலை தேடிப் போய்விடுவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. பாலத்துக்கும் படிக்கட்டுக்கும் பணம் திரட்டுகிறவர்கள், இப்படி ஒருவர் ஆண்டு முழுக்க வேலையில் நிலைத்திருக்கவும் திரட்ட வேண்டும். அவர் போனால் அவரோடு போவது எந்தக் கையேட்டிலும் இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மறுநாள் பட்டியலை வாசித்தார். புதிதாக வரும் தன்னார்வலர்கள் இருவரைக் காலையில் குழி வெட்டிய அந்த இளைஞனிடம் ஒப்படைத்திருந்தார்.

"எனக்கே இன்னும் சரியா வரலையே" என்றான்.

"எங்கே தப்பாகும்னு உனக்கு இப்போ நல்லா ஞாபகம் இருக்கும். அதைக் காட்டு."

"நீங்க பக்கத்துல இருப்பீங்களா?"

"கல் படியில இருப்பேன். கூப்பிட்டாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.